மாலை ஆறு பத்து வகுப்பு

நாள் 8 / 10:20

பேட்டரி ஒன்று: 100. பேட்டரி இரண்டு: 100. தூசி அளவு இயல்பு. உடல்நிலை இயல்பு.

இதை எடுத்துப் படிப்பவருக்கு ஒரு முன்விவரம். இது நிலவு, புதுக்கடையம் குடியிருப்பு, விளிம்பு நிலையம். பள்ளத்தின் விளிம்பில் ஒற்றை அறை, ஓர் ஆன்டெனா, ஓர் ஆள். அந்த ஆள் ஞானதிரவியம், வயது ஐம்பத்து மூன்று, தூசி அளப்பவன். கீழே பனிச்சுரங்கத்தில் நுரைக்காய்ச்சல் என்கிற தொற்று ஆரம்பித்து எட்டு நாளாகிறது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீடுகள் தனித்தனிக் குமிழ்கள், அவரவர் குமிழுக்குள் அவரவர் அடைபட்டிருக்கிறார்கள். கேபிள் இணைப்பு முழுவதையும் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது.

எல்லா வீட்டுக்கும் ரேடியோ எட்டுகிற இடம் என்னுடையது ஒன்றுதான். ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் அறிவியல் பாடம் நடத்தும்படி கல்வி அலுவலகம் உத்தரவு போட்டது. வருகைப் பதிவேடும் என் பொறுப்பு. காலை 9:00 முதல் 10:00 வரை. பேர் வாசிப்பது ஒரு நிமிடம், பாடம் ஐம்பத்தொன்பது நிமிடம்.

இன்றைய பாடம்: நீராவி உறைதல். பாடம் முடிந்ததும் மு. இசக்கியம்மாள் கேட்டாள்: "ஐயா, ஒரு சந்தேகம். ஜன்னல்ல உள்பக்கமா பனி கட்டுனா, வீட்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு அர்த்தம்யா?"

மூச்சில் இருக்கிற ஈரம் போய் ஒட்டுகிறது, ஹீட்டர் நின்றுவிட்டது என்று அர்த்தம் என்றேன். பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது! மற்ற ஒன்பது பேரும் எப்போது மணியாகும் என்று காத்திருந்தார்கள்.


நாள் 19 / 10:10

பேட்டரிகள் 100, 100. தூசி இயல்பு.

வந்தவர் எட்டு. வராதவர் இரண்டு. இறுதியில் வழக்கம்போல் ஊக்க உரை ஆற்றினேன்: "தேர்வு வரும். கட்டாயம் வரும். அன்றைக்கு அழுது பயனில்லை." இசக்கி மட்டும் "சரிங்கய்யா" என்றாள்.

இந்தப் பிள்ளை மட்டும் போதும் எனக்கு. என்னிடம் கேட்ட கேள்விகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பன்னிரண்டு.


நாள் 20 / 17:15

புதிய உத்தரவு. தமிழும் சமூக அறிவியலும் நடத்த சுலைகா என்கிற டீச்சருக்கு மாலை 16:00 ஒதுக்க வேண்டுமாம். அவர் கீழே தன் குமிழிலிருந்து பேசுவார், என் டிரான்ஸ்மிட்டர் அதை வாங்கி எல்லா வீட்டுக்கும் அனுப்பும். ஆக, அவருக்கு நான் ஒலிபெருக்கி.

முதல் வகுப்பைக் கேட்டேன். தரம் பார்க்க வேண்டியது என் கடமை.

பேர் வாசிக்க மட்டும் பன்னிரண்டு நிமிடம்! ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னதும் இந்த அம்மா கேட்கிறார்: "இன்னைக்கு உன் ஜன்னல்ல என்ன பாத்தே?" ஒருவன் பாறை என்கிறான். ஒருத்தி பெரிய பாறை என்கிறாள். அதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். பாறைக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

வந்தவர் பத்து. பத்துக்குப் பத்து.


நாள் 26 / 17:20

சுலைகா வகுப்பு முழுவதையும் பதிவு செய்கிறேன். அவர் செய்கிற தவறுகளைப் பட்டியலிட ஆதாரம் வேண்டும் அல்லவா? இதுவரை நான்கு. ஒரு போரின் ஆண்டைப் பத்து வருடம் தள்ளிச் சொன்னார்.

இன்று குருசாமி என்கிற பையன், "படிச்சு என்ன டீச்சர் ஆகப்போவுது, பள்ளிக்கூடமே இல்லியே, நான் நாளையிலருந்து வரல" என்றான். இவன் என் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். நானாக இருந்தால் போய்ச் சேர் என்றிருப்பேன்.

சுலைகா சொன்னது இது, பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்: "ஏல குருசாமி, வடக்குப் பக்கம் ஜன்னல் வச்ச வீடு உங்க வீடு ஒண்ணுதான். நீ வரலன்னா வடக்கே என்ன நடக்குன்னு எங்க ஒருத்தருக்கும் தெரியாதுல. எங்களுக்காவது வா. பாடம் பொறவு பாத்துக்கலாம்."

பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வடக்கே ஒரு வண்டி நிக்கி டீச்சர்" என்றான். நாளைக்கும் வருவான் போலிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. எழுதுவதில் என்ன வெட்கம், எரிகிறதுதான்.


நாள் 27 / 08:40

மாலை நேர ஒதுக்கீட்டை மாற்றினேன். சுலைகா வகுப்பு இனி 18:10. காரணம் என்று கோப்பில் எழுதியது: ஆன்டெனா பராமரிப்பு.

உண்மைக் காரணம்: 18:10-க்கு சுரங்க வண்டிகள் திரும்பும். அவற்றின் ரேடியோ இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. சிரிக்கட்டும் பார்க்கலாம்.


நாள் 33 / 10:30

வகுப்பு முடிந்ததும் இசக்கி தனியாகப் பேசினாள். பதிவிலிருந்து: "ஐயா, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துட்டுய்யா. கரண்ட் கொறச்சுட்டாங்க. காலையில எட்டுலருந்து பன்னெண்டு வரைக்கும், பொறவு மூணுலருந்து அஞ்சு வரைக்கும் நான்தான் காத்துப் பம்பு மிதிக்கணும். நீங்க சாயங்காலம் வகுப்பு வைப்பீங்களாய்யா? ஒரு அரை மணி நேரம் போதும்யா."

நேரம் என்றால் நேரம்தான், ஓர் ஆளுக்காக மாற்ற முடியாது என்று சொன்னேன். என்ன ஆனாலும் என் வகுப்பை விடமாட்டாள் என்று நிச்சயமாக நினைத்தேன்.


நாள் 34 / 18:45

காலை வகுப்பில் இசக்கி: இல்லை.

மாலை 18:10, இரைச்சலுக்கு நடுவே, பத்தாவது பேராக: "உள்ளேன் டீச்சர்."

நான் தள்ளிப்போட்ட நேரம்தான் அவளுக்குத் தோதாக அமைந்துவிட்டது. என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஜன்னலில் என்ன பார்த்தாய் என்றதற்கு, "ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு வண்டி டீச்சர், ஒண்ணுக்குச் செவப்பு லைட்டு" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல், ஆறு மணி நேரம் பம்பு மிதித்திருக்கிறாள், அப்படியும் சிரிப்பு. என்னிடம் ஒரு நாளும் சிரித்ததில்லை.


நாள் 35 / 10:05

சுலைகா தன் வகுப்பின் வருகைத் தாளை ரேடியோ வழியாக அனுப்பியிருந்தார். அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியவன் நான். ஏற்றவில்லை. 'பிற' என்ற கோப்பில் போட்டேன். பதிவேட்டில் இசக்கி பேருக்கு நேரே: இல்லை.

என் வகுப்பில் இல்லை. ஆகவே இல்லை.


நாள் 41 / 18:50

இசக்கி வராத எட்டாவது நாள். இல்லை, இல்லை, இல்லை. வரிசையாக எழுதி வருகிறேன்.

விதி எனக்குத் தெரியும். தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் பள்ளியிலிருந்து பேர் நீங்கும். பதினைந்தாவது நாளுக்குள் திரும்பி வருவாள். வந்து, "ஐயா, உங்க வகுப்பு மாதிரி இல்லய்யா" என்பாள். எப்படியாவது வருவாள். அப்போது பெருந்தன்மையாக எல்லாவற்றையும் திருத்திவிடுவேன்.

இன்று சுலைகாவிடம் நீராவியைப் பற்றி ஏதோ கேட்டாள். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. "அது உங்க ஐயாகிட்டதான்டி கேக்கணும்" என்றார். இதுவரை அவர் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். இருந்தாலும் அந்தக் கேள்வியை எனக்கு அனுப்பாமல் அவரிடம் போய்க் கேட்டது ஏன்?


நாள் 49 / 00:00

மாத அறிக்கை கல்வி அலுவலகத்துக்குத் தானாகப் போய்விட்டது. நான் எதையும் திருத்தவில்லை. அவள் வரவில்லையே.


நாள் 55 / 11:40

பேட்டரி ஒன்று: 100. பேட்டரி இரண்டு: 0. உள்ளே ஏதோ வெடித்த சத்தம், பிறகு கருகல் வாடை. சரிசெய்ய முடியாது.

58-ஆம் நாள் காலை 06:00 முதல் 63-ஆம் நாள் காலை 06:00 வரை எதிர்மலை நிழல் இந்த விளிம்பின் மேல் விழும். வருடத்துக்கு இரண்டு முறை வருவது. சூரியத் தகடுகளுக்கு வேலை இல்லை. 120 மணி நேரம். ஒரு பேட்டரியில் ஹீட்டரை 124 மணி நேரம் ஓட்டலாம். தாங்கும், ஆனால் டிரான்ஸ்மிட்டரைத் தொடக்கூடாது. அது ஒரு மணி நேரம் ஓடினால் பத்து மணி நேரச் சூட்டைத் தின்றுவிடும்.

கீழே சொன்னேன். வண்டிகள் எல்லாம் ஆஸ்பத்திரியில், 64-ஆம் நாளுக்கு முன் அனுப்ப வழியில்லை என்றார்கள். நிழல் காலத்தில் இரண்டு வகுப்பும் ரத்து என்று அறிவித்தேன். சுலைகாவுக்கும் ரத்து என்பதில் கொஞ்சம் நிம்மதி.


நாள் 57 / 16:30

சுலைகா அழைத்தார். இதுவரை என்னோடு நேரடியாகப் பேசியதே இல்லை. பதிவிலிருந்து:

"சார், நான் சுலைகா. இசக்கி பேரை எடுத்துட்டாங்க சார். பதினஞ்சு நாள் வரலன்னு போட்டிருக்கு. புள்ள ஒரு நாள் தப்பாம வந்துச்சே சார், நான் தினமும் தாள் அனுப்பினேனே? வீட்டுல படிக்கிற புள்ள இல்லன்னா சீக்காளி அப்பனுக்குப் பதிலா சுரங்கத்துக்கு ஆள் போகணும். அந்த வீட்டுல வேற யாரு இருக்கா? காய்ச்சல் ஆரம்பிச்சதே அந்தக் குழிலதான். அறுபத்தொண்ணாம் நாள் பகல் பன்னெண்டு மணிக்குச் சுரங்கத்துக்குப் போற ஆள் பட்டியல் முடிஞ்சிரும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். குற்றம் சொல்லவில்லை அவர். தாள் வழியில் தொலைந்திருக்கும் என்று நினைக்கிறார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும்.

சுரங்கம் என் மனதிலேயே வரவில்லை. கடவுள் சத்தியமாக வரவில்லை. எனக்கு அவள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் இருந்தது.


நாள் 58 / 07:00

நிழல் வந்துவிட்டது. பேட்டரி ஒன்று: 123 மணி நேரச் சூடு.

கல்வி அலுவலகத்துக்கு எழுத்துச் செய்தி அனுப்பினேன், அதற்கு மின்சாரம் அதிகம் ஆகாது. தவறு என்னுடையது, தாள்களை வேண்டுமென்றே பதிவேட்டில் ஏற்றவில்லை என்று எழுதினேன். இதை எழுதுவதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது.

பதில்: "காலம் கடந்து வரும் தாள்கள் செல்லாது. இரக்கப்பட்டு இப்போது தயாரித்தவையாகவும் இருக்கலாம். மாணவி அந்தந்த நாளில் வகுப்பில் இருந்ததற்கு ஆதாரம் தேவை."


நாள் 59 / 13:00

ஆதாரம் என்னிடம் இருக்கிறது.

தவறு கண்டுபிடிக்கப் பதிவு செய்தேனே! பதினைந்து நாள், பதினைந்து பேர் வாசிப்பு. ஒவ்வொன்றிலும் இசக்கி ஜன்னலில் பார்த்ததைச் சொல்கிறாள். வாசலில் இரண்டு வண்டி, ஒன்றுக்குச் சிவப்பு விளக்கு. மறுநாள் மூன்று வண்டி. அதற்கடுத்த நாள் வாசல் காலி. ஆஸ்பத்திரி வண்டிப் பதிவோடு ஒப்பிட்டால் தேதி தானாக நிற்கும். இதை யாரும் பிற்பாடு உட்கார்ந்து கற்பனையில் தயாரிக்க முடியாது.

என் வகுப்பில் வந்திருந்தால் "உள்ளேன் ஐயா" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்திருக்கும். எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? நான் ஏளனம் செய்த அந்தப் பன்னிரண்டு நிமிடம் இல்லாமல் இந்தப் பிள்ளைக்கு வேறு கதியில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு. இதிலும் அந்த அம்மாவே ஜெயிக்கிறார்.

அலுவலகம்: "வெட்டிய பதிவு செல்லாது. முழுதாக ஒலிபரப்ப வேண்டும்."

பதினைந்து முறை பன்னிரண்டு நிமிடம், மூன்று மணி நேரம். ஹீட்டர் கணக்கில் முப்பது மணி நேரம்.


நாள் 60 / 19:40

16:00 முதல் 19:00 வரை ஒலிபரப்பினேன். டிரான்ஸ்மிட்டர் சூட்டில் கையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

பதினைந்தில் பதினோராவது பதிவில் ஒரு பேச்சு இருக்கிறது, அன்றைக்கு இரைச்சல் என்று விட்டுவிட்டேன். பெண்பிள்ளைகளில் ஒருத்தி, ஐயா வகுப்பு போர் அடிக்கிறது என்கிறாள். இசக்கி சொல்கிறாள்: "அப்படிச் சொல்லாதீங்கடி. ஐயா அங்கன தன்னந்தனியா இருக்காரு. நம்மள விட்டா அவருக்குப் பேச ஆளு கிடையாது."

இரக்கம். எனக்கு வேண்டியது அது இல்லை. சரி, வேண்டாம் என்றும் இல்லை.


நாள் 61 / 12:20

கல்வி அலுவலகம்: "பதிவுகள் ஏற்கப்பட்டன. மு. இசக்கியம்மாள் மீண்டும் சேர்க்கப்பட்டார். விதிப்படி, சேர்க்கப்பட்ட மாணவி மறுநாள் வகுப்பில் வருகை தர வேண்டும். தவறினால் நீக்கம் உறுதியாகும்."

மறுநாள் என்றால் நாளை. நாளை ஒரு வகுப்பு நடந்தாக வேண்டும். டிரான்ஸ்மிட்டர் ஒரு மணி நேரம், ஹீட்டர் கணக்கில் பத்து.

காலை ஒன்பது மணிக்கு என் வகுப்பை வைக்கலாம். அவள் பம்பு மிதித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தோதான நேரம் மாலைதான். மாலை நானே நடத்தினால் என்ன? நடத்தலாம், தடுக்க யாரும் இல்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இந்தக் குளிரில் என் வாயில் பாடம் வராது, பல் கிட்டித்துப்போகும். பிள்ளைகள் பயப்படுவார்கள். நாளைக்கு அவர்களுக்குப் பாடம் தேவையில்லை, அந்த அம்மாதான் தேவை.

அறிவித்தேன்: நாள் 62, 18:10, சுலைகா டீச்சர் வகுப்பு.

'டீச்சர்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.


நாள் 61 / 18:00

நாளைய வகுப்புக்கு வேண்டியதை மிச்சம் வைத்து ஹீட்டரை நிறுத்திவிட்டேன். சூரியன் வர 36 மணி நேரம். வெளிநடை உடுப்பைப் போட்டுக்கொண்டேன். அதன் சூடு பத்து மணி நேரம் தாங்கும். மீதி இருபத்தாறுக்குப் போர்வை இரண்டு, தூசி வடிகட்டித் துணி நாற்பது.

கீழே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சுலைகா வகுப்பு வேண்டாம் என்பார். சொல்லக்கூடியவர்தான்.


நாள் 62 / 09:00

உடுப்பின் சூடு தீர்ந்து ஐந்து மணி நேரம். அறை: பூஜ்யத்துக்குக் கீழே 31. பேனா எழுதவில்லை. பென்சில்.

பழக்கதோஷம், ஒன்பது மணிக்குப் பேர் வாசித்தேன். மைக் போடாமல். பத்துப் பேரையும்.


நாள் 62 / 17:50

அறை: பூஜ்யத்துக்குக் கீழே 44. விரல் மடங்கவில்லை. எழுத்து கோணல், மன்னிக்கவும்.

சுலைகாவின் தவறுகள் மொத்தம் ஒன்பது. பட்டியல் மேஜை இழுப்பறையில். கொடுத்துவிடுங்கள். அடியில் ஒன்று சேர்த்திருக்கிறேன்: பேர் வாசிக்கும் முறை, திருத்தம் தேவையில்லை.

இசக்கியின் கேள்விகள் பதினேழு, அதே இழுப்பறை. அவளிடம். சுலைகாவிடம் அல்ல. அவளிடம்.


நாள் 62 / 18:10

டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது. பேர் வாசிக்கிறார்.

குருசாமி உள்ளேன். வடக்கே வண்டி கிளம்பிவிட்டதாம்.

எட்டு. ஒன்பது.

"மு. இசக்கியம்மாள்."

"உள்ளேன் டீச்சர்!"

பதிவேட்டில் ஏற்றினேன். உள்ளேன். இரண்டு தடவை எழுதிவிட்டேன், பரவாயில்லை.


நாள் 62 / 18:24

முடிந்தது என்று நினைத்தேன். சுலைகா இன்னொரு பேர் வாசித்தார். "ஞானதிரவியம்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "சார், நீங்களும் கேக்கிறீங்கன்னு தெரியும் சார். பேர் கூப்பிட்டா பதில் சொல்லணும்."

மைக் போட்டேன். உள்ளேன் டீச்சர் என்றேன். எழுத வெட்கமாக இருக்கிறது. சொன்னேன்.

"இன்னைக்கு உங்க ஜன்னல்ல என்ன பாத்தீங்க சார்?"

ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை. பொய் சொன்னேன். பத்து வீட்டு விளக்கும் தெரிகிறது, அழகாக எரிகிறது என்று.

பிறகு இசக்கி.

"ஐயா, எங்க வீட்டுல மூணு நாளா விளக்கே போடலய்யா. கரண்ட் மிச்சம் பண்ணுதோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்க ஜன்னல்ல உள்பக்கமா பனி கட்டியிருக்காய்யா?"

பதினெட்டாவது கேள்வி.

கீழே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். சுலைகா வண்டி, வண்டி என்று யாரையோ கத்திக் கூப்பிடுகிறார். அழுகிறார் போலிருக்கிறது. விடியப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. வண்டி ஏறி வரப் பதினான்கு, சூரியனுக்குப் பிறகுதான் வந்து சேரும். கணக்கு அவருக்கு வராது.

படிப்பவருக்கு. இதை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளவும். நீராவி உறைதல், எட்டாம் நாள், காலை ஒன்பது மணி. நடத்தியது நான். சுலைகா அல்ல.